ஐம்பதாயிரம் வந்தது, ஆறு லட்சம் முடங்கியது

கேள்வி: இளம்பிள்ளையில் இருபது வருடமாகச் சேலை வியாபாரம் செய்கிறேன். நான்கு வருடமாகப் பாதி விற்பனை வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. சென்ற மாதம் வெளிமாநிலத்திலிருந்து ஒருவர் 55 சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒன்று 700 ரூபாய் வீதம் 38,500 ரூபாய். ஆனால் கணக்கில் 50,000 ரூபாய் விழுந்தது. "மச்சான் தெரியாமல் கூடப் போட்டுவிட்டார், மீதியை இந்த நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார். 11,500 ரூபாயை அனுப்பிவிட்டேன். மறுநாள் பார்சலும் போட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் என் கரண்ட் அக்கவுண்ட் முடங்கியது. அதில் 6,12,000 ரூபாய் இருக்கிறது. தறிக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. வங்கியில் கேட்டால், வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீஸ் சொன்னது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அந்த ஊருக்கு நேரில் வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்னொருவர் போன் செய்து, 60,000 ரூபாய் கொடுத்தால் இரண்டே நாளில் கணக்கைத் திறந்து தருவதாகச் சொல்கிறார். நான் என்ன திருடனா? மனைவி பெயரில் உள்ள கணக்கில் வியாபாரத்தைத் தொடரலாமா?
– சேலை வியாபாரி, இளம்பிள்ளை

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் திருடர் அல்லர். ஆனால் திருட்டுப் பணம் போன பாதையில் உங்கள் கடை இருந்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை உங்கள் கையாலேயே அடுத்த இடத்துக்கு அனுப்பியும் வைத்திருக்கிறீர்கள். இந்த இரண்டாவது செய்திதான் உங்கள் வழக்கின் முடிச்சு. கடிதத்தில் அதை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்.

நான் சேலம் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கிய காலத்தில் திருட்டுப் பொருள் வழக்கு என்றால் பெரும்பாலும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளும் அடகுக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். போலீசார் பிடிபட்டவனைக் கையோடு அழைத்து வந்து கடை வாசலில் நிறுத்தி, "இவனிடம்தான் கொலுசு வாங்கினாயா?" என்று கேட்பார்கள். கடைக்காரர் அவனுடைய முகத்தைப் பார்த்திருப்பார், கொலுசைத் தராசில் வைத்திருப்பார், சந்தை விலைக்குப் பாதியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பாதி விலையே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்துடன் வாங்கினாயா என்பது. திருடன், பறிகொடுத்தவர், வாங்கியவர், விசாரிக்கும் ஆய்வாளர் ஆகிய நால்வரும் பெரும்பாலும் ஒரே மாவட்டத்துக்காரர்களாக இருந்ததால், அந்தக் கேள்விக்கு விடை காண்பதும் ஒரு நாள் இரண்டு நாள் வேலையாக இருந்தது.

உங்கள் விஷயத்தில் இந்த நால்வரில் எவரும் எவரையும் பார்க்கவில்லை. நடந்தது அநேகமாக இப்படித்தான் இருக்கும். ஏதோ ஓர் ஊரில் ஒருவரிடம், முதலீடு என்றோ மின்கட்டண பாக்கி என்றோ அவர் மகன் மாட்டிக்கொண்ட வழக்கு என்றோ ஒரு கதையைச் சொல்லி நம்ப வைத்தவன், பணத்தைத் தன் கணக்குக்கு வாங்காமல், "இந்த க்யூஆர் கோடுக்கு அனுப்புங்கள்" என்று உங்களுடைய கோடைக் கொடுத்திருக்கிறான். அந்தக் கோடை அவனுக்கு அனுப்பியவர் நீங்களே. ஆர்டர் கேட்டவருக்கு எல்லா வியாபாரியும் அனுப்புவதுதான். நீங்கள் மச்சான் என்று நினைத்தவர் மச்சானே அல்ல, பறிகொடுத்தவர். சேலைகள் ஒரு டிரான்ஸ்போர்ட் குடோனில் அவனுடைய ஆளிடம் போய்ச் சேர்ந்து, பாதி விலைக்காவது காசாகியிருக்கும். 11,500 ரூபாய் காசாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. யுபிஐ 2016இல் வந்த பிறகு பணம் நொடியில் மாநிலம் தாண்டுகிறது. திருடனுக்கு இன்று பூட்டை உடைக்கத் தெரிய வேண்டியதில்லை. நல்ல பெயர் உள்ள ஒருவரின் கணக்கு எண் கிடைத்தால் போதும். உங்கள் இருபது வருட வியாபாரப் பெயர்தான் இங்கே அவனுக்குக் கன்னக்கோல்.

இனி அந்த விசாரணை அதிகாரியின் மேசையிலிருந்து பாருங்கள். அவர் முன்னால் சேலையும் இல்லை, தறியும் இல்லை, நீங்களும் இல்லை. உங்கள் கணக்கின் ஸ்டேட்மென்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன: முதல் வரியில் 50,000 ரூபாய் வரவு, அதற்குச் சற்று நேரத்தில், பணம் போட்டவருக்குச் சம்பந்தமில்லாத வேறொரு கணக்குக்கு 11,500 ரூபாய் பற்று. வாடகைக்கு விடப்பட்ட கணக்குகளில், அதாவது போலீசார் மியூல் அக்கவுண்ட் என்று சொல்லும் கணக்குகளில், வரவு செலவு இதே சாயலில்தான் இருக்கும். அங்கும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை உடனே அடுத்த கணக்குக்குத் தள்ளுவார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு மூன்றையும் 5,000 ரூபாய்க்கு யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து நின்ற ஒரு கல்லூரி மாணவனையும் அவன் தாயையும் என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனின் ஸ்டேட்மென்டையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முன்பின் தெரியாத ஒருவருக்கு வேறுபாடு சட்டென்று தெரியாது. அந்த வேறுபாட்டைக் காகிதத்தில் காட்டுவதுதான் இப்போது உங்களுக்கு உள்ள வேலை.

கணக்கு முடங்கும் முறையைத் தெரிந்துகொண்டால் கோபம் சற்றுத் தணியும். பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் பதிந்தவுடன், அவருடைய வங்கிக்குத் தகவல் போகிறது. அவ்வங்கி பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று காட்டுகிறது. அந்த வங்கி அடுத்ததைக் காட்டுகிறது. ஊசி போன வழியே நூல் போவதுபோல ஒவ்வொரு கணக்கிலும் ஒரு பிடிப்பு விழுகிறது. வங்கிக்காரர்கள் இதை லீன் என்றும் ஹோல்டு என்றும் சொல்வார்கள். இந்த வேகம் தேவையானது என்பதே என் கருத்து. மறுமுனையில் இருப்பவர் ஓய்வூதியத்தைப் பறிகொடுத்த ஒரு முதியவராக இருக்கலாம். பணம் மூன்று கணக்கு தாண்டி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. 50,000 ரூபாய் போன இடத்தில் 50,000 ரூபாயைப் பிடித்து வைத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 50,000 ரூபாய்க்காக 6,12,000 ரூபாயையும் பூட்டி, தறிக்காரர் வீட்டு அடுப்பு வரை அதைக் கொண்டு போவதுதான் தவறு.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம் ஓரளவு நிற்கிறது. குற்றத்தோடு தொடர்புடையதென்று சந்தேகிக்கப்படும் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இருக்கிறது. வங்கிக் கணக்கும் அப்படிப்பட்ட சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் 1999இலேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே போலீசாருக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட்டுப் பயனில்லை. ஆனால் கைப்பற்றியதை உடனே உரிய மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பல வழக்குகளில் இது நாட்கணக்கில், மாதக்கணக்கில் தாமதமாகிறது. அந்தத் தாமதம் ஒன்றினாலேயே முடக்கம் செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியிருப்பதால், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். உங்களுக்கு உறுதியான பிடிமானம் வேறிடத்தில் இருக்கிறது: சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது தகாது, குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை இயக்க அனுமதிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும் எடுத்திருக்கின்றன.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "கணக்கைத் திறந்துவிடுங்கள்" என்பதன்று. "50,000 ரூபாயை நிறுத்திவைத்துக்கொண்டு, மீதி 5,62,000 ரூபாயை இயக்க அனுமதியுங்கள்" என்று கேளுங்கள். பொருளுக்கு விலையாக நல்லெண்ணத்தில் வாங்கிய 38,500 ரூபாயை ஏன் விட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அந்த வாதம் வலுவானதுதான்; அதைப் பிறகு நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அதைக் கையில் எடுத்தால், 38,500 ரூபாய்க்கான சண்டையில் ஐந்தரை லட்சமும் உடன் மாட்டிக்கொண்டு கிடக்கும்.

முதலில் வங்கிக் கிளைக்குச் சென்று, வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்துமூலம் கேளுங்கள்: முடக்கச் சொன்னது எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்தத் தேதியில் எந்தப் பரிவர்த்தனை சந்தேகத்துக்குரியது, முடக்கச் சொன்ன தொகை எவ்வளவு, அந்தக் கடிதத்தின் நகல் கிடைக்குமா என்பவற்றை. உங்கள் கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போலீசார் 50,000 ரூபாயை மட்டுமே நிறுத்தச் சொல்லியிருக்க, வங்கி தன் வசதிக்காகக் கணக்கையே முழுதாகப் பூட்டிவிட்டதும் உண்டு. கடிதத்தின் நகல் கைக்கு வந்தால்தான் அது வெளிச்சத்துக்கு வரும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். போலீசார் போட்ட முடக்கத்தை அவர் நீக்கித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். வங்கியின் வாயைத் திறக்க வைப்பதற்கு மட்டும் அது உதவும்.

அடுத்தது ஆவணக் கட்டு. ஆர்டர் வந்த வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தானாக அழியும் செய்தி என்ற அமைப்பு போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தக் கைபேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. அந்த 55 சேலைகளுக்கான ஜி.எஸ்.டி. பில், பார்சல் சர்வீஸ் கொடுத்த எல்.ஆர். ரசீது, பொருளை எடுத்துச் சென்றவரின் கையெழுத்தும் கைபேசி எண்ணும் உள்ள டெலிவரிப் பதிவு, அந்தச் சேலைகள் நெய்யப்பட்ட பாவுக்கான கூலிக் கணக்கு, ஓர் ஆண்டு ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைச் சேருங்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எல்.ஆர். ரசீதுதான். வாடகைக் கணக்கு வைத்திருப்பவனிடம் எல்லாம் இருக்கலாம். மூட்டையின் எடை எழுதிய லாரி ரசீது இருக்காது. டெலிவரிப் பதிவு போலீசாருக்கும் பயன்படும்: பணத்தின் பாதையில் மறைந்துகொண்டவன், மூட்டையை வாங்கிக்கொள்ள ஓர் ஆளை அனுப்பித்தானே ஆகவேண்டும்?

இந்தக் கட்டோடு நீங்களே ஒரு புகாரும் கொடுங்கள். சேலைகளையும் நற்பெயரையும் இழந்த நீங்களும் ஏமாற்றப்பட்டவர்தான். சேலம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்குங்கள். 1930 வழியாகவும் பதியுங்கள். முடக்கத்துக்கு ஒன்பது நாள் முன்பே இதைச் செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அன்றைக்கு உங்களுக்கு எதுவும் தெரியாது.

வாட்ஸ்அப் நோட்டீஸ் பற்றி. கைதுக்கு மாற்றாக நேரில் வரச் சொல்லும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு நோட்டீசை வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது அதை முறைப்படி சேர்ப்பித்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதே சட்டத்தில் சாட்சியாக அழைக்கும் 179ஆம் பிரிவு, அதிகாரியின் நிலைய எல்லைக்குள்ளோ அடுத்த நிலைய எல்லைக்குள்ளோ இருப்பவர்களையே அழைக்க இடம் தருகிறது. பெண்களையும் அறுபது வயது கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவ்வளவும் இருப்பதால் நோட்டீசைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் அது உண்மையான நோட்டீஸ்தானா என்று, அதில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த மாநிலக் காவல்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். உண்மை என்றால், ஆவணக் கட்டின் நகலை அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, காணொளி வழியாக விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயார் என்று எழுதுங்கள். உங்களைப் போன்றவர் மீது பொதுவாகப் பாயும் பிரிவுகள், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, பாரதிய நியாய சன்ஹிதா 318(4) ஆகியவை. முதலாவதற்கு மூன்று ஆண்டு வரையும் இரண்டாவதற்கு ஏழு ஆண்டு வரையும் சிறை உண்டு. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட குற்றங்களில் நோட்டீசுக்குக் கட்டுப்பட்டு ஒத்துழைப்பவரைக் கைது செய்வதற்கு அதிகாரி தனியே காரணம் எழுத வேண்டும். நீங்கள் அனுப்பும் பதில் கடிதமே நாளைக்கு உங்களுக்கான கவசம்.

அறுபதாயிரம் கேட்கும் ஆளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. அவர் போலீசாருக்கு வேண்டியவர் என்றால் அது லஞ்சம். இல்லை என்றால் பட்ட காலிலே படும் இரண்டாவது மோசடி. புகார்தாரரோடு சமரசம் என்று சொல்லி யாராவது ஓர் எண் கொடுத்தாலும் அந்த எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதென்று முடிவெடுத்தால்கூட நீதிமன்ற உத்தரவின்படி வங்கி வழியாகத்தான் அது போக வேண்டும். சீருடையில் ஒருவர் வீடியோ காலில் வந்து உங்களை டிஜிட்டல் கைது செய்திருப்பதாகச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

மனைவியின் கணக்கில் வியாபாரப் பணத்தை வாங்க வேண்டாம். அவர் கணக்கு அவருடையது; நாளைக்கு அதிலும் ஒரு பிடிப்பு விழுந்தால், வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் இருவராகிவிடுவீர்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே வேறு வங்கியில் இன்னொரு நடப்புக் கணக்கு தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. பழைய கணக்கு முடங்கிய செய்தியை மறைக்காமல், தேவைப்பட்டால் எழுதிக் கொடுத்தே தொடங்குங்கள். தறிக்காரர் கூலிக்கு உடனடி வழி அது ஒன்றுதான்.

அதிகாரிக்கும் வங்கிக்கும் எழுதிய பிறகு மூன்று நான்கு வாரம் பார்க்கலாம். அசையவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. அந்த மாநிலத்தில் உரிய மாஜிஸ்திரேட் முன்பு, கைப்பற்றிய சொத்தை விடுவிக்கக் கோரி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின்கீழ் மனு போடலாம். அங்கே ஒரு வழக்குரைஞரை நியமித்து, மொழி தெரியாத ஊரில் அலைய வேண்டியிருக்கும். அல்லது, உங்கள் கணக்கும் கிளையும் சேலம் மாவட்டத்தில் இருப்பதால், வழக்குக்குக் காரணமான நிகழ்வின் ஒரு பகுதி இங்கே எழுந்தது என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். முழுக் கணக்கும் முடங்கிய வியாபாரிக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

இனி வரும் ஆர்டர்களுக்காக ஒரு பழக்கம் மட்டும் சொல்கிறேன். ஏற்காட்டில் காட்டேஜ் வாடகைக்கு விடும் ஒருவருக்கும் இதே முடக்கம் வந்தது. அவரிடம் நான்கு அறைகளுக்கு முன்பணம் போட்டு, அன்று மாலையே ரத்து செய்து, பணத்தை வேறோர் எண்ணுக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள். சேலை, அறை என்று சரக்குதான் மாறியது. கேட்ட வார்த்தை ஒன்றே. எனவே ஆர்டர் கொடுத்தவர் பெயரும் பணம் போட்டவர் பெயரும் வேறாக இருந்தால் பார்சலை நிறுத்தி வையுங்கள். கூடுதலாக வந்த பணத்தை, வந்த கணக்குக்கே, வங்கி வழியாகவே திருப்புங்கள். வேறு எண் கொடுப்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், அனுப்பாதீர்கள்.

கடைசியாக, அந்த 11,500 ரூபாய். வழக்குரைஞர் தயாரிக்கும் மனுவில் அதைப் பற்றிய பத்தியை மட்டும் நீங்களே உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்குப் பணம் வந்தது, அவர் என்ன சொன்னார், அதை ஏன் நம்பினீர்கள், எந்த எண்ணுக்கு அனுப்பினீர்கள், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் என்ன என்று. அதிகாரி கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைக்காமல் முதல் பக்கத்திலேயே அது இருக்கட்டும். அந்த எண்தான் அவர் அடுத்துப் போக வேண்டிய கணக்கு.